சாம்பார் வாளி போகும் பக்கம் குழந்தையை உட்கார வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்த ஹோட்டலுக்குள் நுழைந்தாலும், கைக்குழந்தையோ நடை பழகும் பிள்ளையோ இல்லாத ஹாலைப் பார்ப்பது அரிது. எம்.சி. ரோட்டில் துணி எடுத்துவிட்டு வருகிறவர்கள், தம்புசெட்டித் தெரு காளிகாம்பாள் கோயிலிலும் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலிலும் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள், பெரம்பூர் லூர்து அன்னை ஆலயத்தில் பூசை முடிந்து வருகிறவர்கள் என்று எல்லாரும் குடும்பத்தோடுதான் சாப்பிட உட்காருகிறார்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து, குழந்தைத் தள்ளுவண்டியோடு லிப்டில் ஏறி இறங்கி வரும் இளம் பெற்றோரும் தண்டையார்பேட்டை, டோல்கேட் பக்கம் கூடியிருக்கிறார்கள். ஆனால் ஹால் மட்டும் பெரியவர்களை மனதில் வைத்தே போடப்பட்டிருக்கிறது. மேஜையின் உயரம், சர்வர் நடக்கும் வழி, குருமாவின் காரம் எல்லாமே அப்படித்தான்.

ஹோட்டலில் குழந்தைக்கு வரும் சங்கடங்கள் மூன்று: அழுகை, சூடுபடுதல், தொண்டையில் அடைத்தல். மூன்றுமே பெரும்பாலும் உள்ளே வந்த முதல் பத்து நிமிடத்தில் தீர்மானமாகிவிடுகின்றன. எந்த இடத்தில் உட்கார்ந்தோம், சர்வரிடம் முதலில் எதைச் சொன்னோம் என்பதுதான் விஷயம். ஹோட்டல் வேலை தெரிந்தவர்கள் என்ற முறையில் இதை விவரமாக எழுதுகிறோம். பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது பாதி என்றால் முதலாளிகளுக்குச் சொல்ல வேண்டியது பாதி.

முதலில் இடம். டிபன் ஹோட்டலில் சர்வர் கையைத் தொங்கவிட்டு எடுத்துவரும் சாம்பார் வாளி, தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் ஆடிக்கொண்டு வரும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வயதுப் பிள்ளையின் தோளும் முகமும் ஏறக்குறைய அதே உயரம். கூட்ட நேரத்தில் சர்வர் இரு மேஜைகளுக்கு நடுவே உடம்பைத் திருப்பி நுழைவார். அவர் கண் கரண்டியின் மேலும் இலையின் மேலும்தான் இருக்கும். பிள்ளை அந்த நேரம் பார்த்துத் திரும்பினாலோ கையை நீட்டினாலோ போதும், கொதிக்கிற சாம்பார் மேலே கொட்டிவிடும். ஆகவே நடைவழிப் பக்கம் பெரியவர்தான் உட்கார வேண்டும். குழந்தை சுவர்ப் பக்கம். மடியில் வைத்து ஊட்டுகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். மடியில் குழந்தை இருக்கும்போது தலைக்கு மேலாக வாளியைக் கொண்டுவந்து ஊற்றவிடக் கூடாது. "தம்பி, அந்தப் பக்கமா வந்து ஊத்துங்க" என்று சொன்னால் எந்த சர்வரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தவிர்க்க வேண்டிய மேஜைகள் இன்னும் இரண்டு உண்டு. சமையற்கட்டு வாசலுக்கு எதிரே இருப்பது ஒன்று. தட்டு நிறைய அடுக்கிக்கொண்டு அரை ஓட்டத்தில் வருகிறவரின் காலடியில் பிள்ளை போய் நிற்கும். மற்றொன்று, நம் பகுதிப் பரோட்டாக் கடைகளில் வாசலிலேயே இருக்கும் கல்லுக்குப் பக்கத்து மேஜை. அங்கே எண்ணெய் தெறிக்கும். அதோடு கொத்து பரோட்டா போடும்போது எழும் அந்த இரும்புச் சத்தம், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பதற வைத்துவிடும். அப்படிப் பதறிய குழந்தை பிறகு எதையும் வாயில் வாங்காது. கடையின் உள்பக்கம் இடம் கிடைக்கும்வரை ஐந்து நிமிடம் நிற்பது நல்லது.

அடுத்தது நாற்காலி. ஹோட்டல் மேஜை இரண்டரை அடி உயரம். சாதாரண நாற்காலியில் உட்காரும் சிறு பிள்ளைக்கு மேஜை விளிம்பு மார்புக்கு மேலே வந்துவிடும். அதனால் அது மண்டியிட்டுக்கொள்ளும், பிறகு எழுந்து நிற்கும், பிறகு நாற்காலியோடு சாயும். உயரம் போதவில்லை என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் கொடுப்பது நம் ஹோட்டல்களில் வழக்கம். இரண்டும் ஒரே அச்சில் செய்தவையாக, முழுசாக ஒன்றுக்குள் ஒன்று இறங்கியவையாக இருந்தால் மட்டுமே அது நிற்கும். வேறு வேறு நாற்காலி என்றால் மேல் நாற்காலி அசையும். கால் உடைந்து கம்பி வைத்துக் கட்டிய நாற்காலியாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

குழந்தை நாற்காலி வைத்திருக்கும் ஹோட்டல்கள் இப்போது சில இருக்கின்றன. ஆனால் நிறைய இடங்களில் பெல்ட் அறுந்திருக்கிறது, அல்லது வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. முன்னால் தட்டுப் பலகை இருக்கிறதே, பெல்ட் எதற்கு என்ற நினைப்பு தவறானது. குழந்தை மேல் பக்கமாக விழுவதைவிட, பலகைக்கு அடியில் வழுக்கி இறங்குவதுதான் அதிகம். உடம்பு இறங்கிவிடும், தலை மாட்டிக்கொள்ளும். இடுப்பைச் சுற்றி ஒரு வார், இரு கால்களுக்கு நடுவே ஒரு வார், இந்த இரண்டும் இல்லாத குழந்தை நாற்காலியைப் பயன்படுத்தக் கூடாது. தானாக நிமிர்ந்து உட்காரப் பழகாத குழந்தையை அதில் வைக்கவே கூடாது. நாற்காலியை மேஜைக்கு ஒட்டி இழுத்துவிட்டால், பிள்ளை மேஜை விளிம்பில் காலை ஊன்றி உதைத்துப் பின்னால் சாய்த்துவிடும். கால் எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும்.

இடம் பிடித்தாயிற்று. இனி ஆர்டர். இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் நேரத்தைக் கோட்டைவிடுகின்றன. எல்லாருக்கும் என்னென்ன வேண்டும் என்று பேசி முடித்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி, எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருப்பார்கள். ஹோட்டலில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நேரம். இட்லி, பொங்கல், இடியாப்பம், வெள்ளைச் சோறு ஆகியவை தயாராகச் சூட்டில் இருக்கும், சொன்ன இரண்டு மூன்று நிமிடத்தில் வந்துவிடும். தோசை கல்லில் வரிசைப்படிதான் வரும், சாயங்காலக் கூட்டத்தில் பத்து நிமிடத்துக்குமேல் ஆகலாம். எல்லாவற்றிலும் தாமதமானது ஆனியன் ரவா. மாவு நீர்க்க இருப்பதால் சின்னத் தீயில் மெதுவாகத்தான் முறுக வேண்டும், மாஸ்டர் அவசரப்பட்டால் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். பசித்த குழந்தையை வைத்துக்கொண்டு ஆனியன் ரவா சொன்ன மேஜையில் அழுகை கேட்கத்தான் செய்யும்.

ஆகவே உட்கார்ந்ததும், மெனு கார்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே, குழந்தைக்கானதை மட்டும் தனியாகச் சொல்லிவிட வேண்டும். "அண்ணா, குழந்தைக்கு முதல்ல ரெண்டு இட்லி குடுத்துடுங்க. மேல சாம்பார் ஊத்த வேணாம், சட்னி வேணாம். கூட ஒரு காலித் தட்டு. எங்களுக்கு அப்புறமா சொல்றோம்." இப்படிச் சொன்னால் சர்வருக்கும் வேலை எளிது. மேலே சாம்பார் ஊற்ற வேண்டாம் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழக்கத்தில் ஊற்றிவிடுவார். காலித் தட்டு எதற்கென்றால், சூடான இட்லியை அதில் பிட்டுப் பரப்பினால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். வந்த தட்டிலேயே அடுக்கியபடி இருந்தால், மேலே ஆறிய இட்லிக்குள் சூடு அப்படியே இருக்கும். மெதுவடைக்கும் இதே சங்கதி. வெளியே தொட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும், உள்ளே நாக்கைப் பொத்துப்போக வைக்கும் சூடு. நான்காக உடைத்துவைத்து, ஒரு துண்டைப் பெரியவர் வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். பூரி உப்பலாக வந்தால், குழந்தைக்கு எட்டாத தூரத்தில் வைத்துக் குத்திவிட வேண்டும். உள்ளிருந்து வரும் ஆவி பிஞ்சு விரலைச் சுட்டுவிடும்.

காரம் பற்றிச் சில உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். பிரியாணிக் கடையில் குழந்தைக்கென்று குஸ்கா வாங்குகிறவர்கள் நிறையப் பேர். குஸ்கா என்பது கறித்துண்டு இல்லாத பிரியாணிச் சோறுதான். நம் சென்னைப் பிரியாணியில் அரிசி மசாலாவிலேயே வேகிறது, ஆகவே காரம் துளியும் குறையாது. மேல் சோறாகப் பார்த்துப் போடுங்கள் என்று கேட்டாலும் பயனில்லை. கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ எல்லாம் அதே சோற்றில்தான் கிடக்கும். பிரியாணிக் கடைக்குக் குழந்தையோடு போனால் வெள்ளைச் சோறும் அவித்த முட்டையும் கேளுங்கள். வெள்ளைச் சோறு இல்லாத கடை என்றால் வீட்டிலிருந்து தயிர்சாதம் எடுத்துப் போவதுதான் ஒரே வழி. ஹோட்டல் தயிர்சாதத்திலும் பச்சை மிளகாயும் இஞ்சியும் பொடியாகக் கிடக்கும், மேலே முழுத் திராட்சை போட்டுத் தருகிற இடங்களும் உண்டு. பொங்கலில் முழு மிளகு, முழு முந்திரி. இரண்டையும் பொறுக்கி எடுத்துவிட்டால் பொங்கல் நல்ல உணவு. பிரைடு ரைஸில் மிளகுத்தூளும் சில்லி சாஸும் கடைசியில்தான் சேர்க்கிறார்கள். "ரெண்டுமே போடாதீங்க" என்று முன்கூட்டிச் சொன்னால் மாஸ்டர் அப்படியே எடுத்துத் தருவார். குருமா, பனீர் கிரேவி ஆகியவற்றில் முந்திரி அரைத்து ஊற்றுவது வழக்கம், கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைச் சட்னியில் வேர்க்கடலை சேர்ப்பதும் பல இடங்களில் உண்டு. கொட்டை வகை ஒவ்வாத குழந்தை என்றால் சட்னியையும் குருமாவையும் விட்டுவிடுவது நல்லது. முட்டை ஒவ்வாதவர்கள், முட்டை தோசை போட்ட கல்லிலேயே சாதா தோசையும் போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஹோட்டல் இட்லி மாவிலேயே உப்பு இருக்கிறது. எனவே ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையான குழந்தைக்கு வீட்டு உணவைத்தான் டப்பாவில் கொண்டுபோக வேண்டும். அந்த வயதில் தேனும் கூடாது, குடலில் நஞ்சாகும் ஒரு கிருமியின் வித்து தேனில் இருக்கக்கூடும். பவுடர் பால் கலக்கிறவர்கள், காபி பாய்லரிலிருந்து வெந்நீர் கேட்டு வாங்கலாம். பவுடரை 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலந்து, பிறகு ஆற்றித்தான் கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கலந்த பால் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் இருந்தால் கொட்டிவிட வேண்டும்.

காசிமேடு பக்கத்தில் இருக்கும்போது மீனைப் பற்றிப் பேசாமல் முடியாது. குழந்தைக்கு வஞ்சிரம் துண்டு வசதி. முள் பெரும்பாலும் நடுவில் இருக்கும், சதை கெட்டியாகப் பிரியும். நெத்திலி, மத்தி, சங்கரா ஆகியவற்றில் பொடி முள் தப்பிவிடும். கண்ணால் பார்த்து முள் எடுத்தால் போதாது. சதையைச் சிறிது சிறிதாக எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கிப் பார்த்தால்தான் மெல்லிய முள் தட்டுப்படும். வறுவலின் மேல்மசாலாவை உரித்துவிட்டு உள்சதையை மட்டும் கொடுங்கள். சுறா புட்டில் முள் இல்லை என்று குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. சுறா மாதிரி மற்ற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன்களில் பாதரசம் சேர்கிறது, சிறு குழந்தைகளுக்குச் சுறா வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. அதை விட்டுவிடுவதே சரி.

இரண்டாம் கடற்கரைச் சாலைப் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடக் குடும்பமாக வருகிறார்கள். நின்றுகொண்டு சாப்பிடுகிற இடம், கையில் கொதிக்கிற வாழைத்தண்டு சூப். இடுப்பில் குழந்தையோடு அந்த சூப்பைக் குடிக்க வேண்டாம். பார்சல் வாங்குங்கள்.

கிரில் சிக்கனும் ஷவர்மாவும் விற்கும் கடைகளில் மயோனைஸைக் குழந்தைகள் விரலால் தொட்டு நக்குவதைப் பார்க்கிறோம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சால்மொனெல்லா முதலிய கிருமிகள் அதில் பெருகும் என்பதே காரணம். வேகாத முட்டையை அரைத்து, எண்ணெய் சேர்த்து, வெயில் நேரத்தில் மேஜைமேல் திறந்து வைத்தால் வேறென்ன ஆகும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பில் நீர் மளமளவென்று வற்றிவிடும். ஹோட்டல் மயோனைஸை, எதில் செய்தது என்று கேட்டுக்கொண்டிருக்காமல், குழந்தைக்குக் கொடுக்காமலிருப்பதே நல்லது. வாசலில் விற்கும் ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் அதற்கும் தமிழகத்தில் தடை வந்தது. புகை வரும் பிஸ்கட் என்று சில இடங்களில் தருவது திரவ நைட்ரஜனில் முக்கியது. அதன் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி. ஆவி முழுசாகப் போவதற்குள் வாயில் போட்டால் நாக்கும் உணவுக்குழாயும் வெந்துபோகும். குழந்தை எவ்வளவு அழுதாலும் அதை வாங்கித் தராதீர்கள்.

தொண்டையில் அடைத்தால் என்ன செய்வது என்பது பெற்றோருக்கும் தெரிய வேண்டும், ஒவ்வொரு ஹோட்டலிலும் குறைந்தது கல்லாவில் இருப்பவருக்கும் சூப்பர்வைசருக்கும் தெரிய வேண்டும். குழந்தை சத்தமாக இருமிக்கொண்டிருந்தால் மூச்சு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது முதுகில் தட்டவோ தண்ணீர் கொடுக்கவோ கூடாது, இருமவிட வேண்டும். சத்தமே வராமல், முகம் நீலம் பாரித்தால் ஒரு நொடியும் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி தாடையைப் பிடித்துக்கொண்டு, இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து முறை அழுத்த வேண்டும். மாற்றி மாற்றி இதையே தொடர வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால், முன்னால் குனிய வைத்து முதுகில் ஐந்து தட்டு. பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கையை முஷ்டியாக வைத்து, மறு கையால் அதைப் பிடித்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை இழுத்து அழுத்த வேண்டும். கைக்குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, உள்ளுறுப்புகள் காயமாகிவிடும். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவக் கூடாது, பொருள் இன்னும் உள்ளே போய்விடும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். குழந்தை மயங்கிவிட்டால் தரையில் படுக்க வைத்து நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

அடைக்கும் பொருள்கள் ஹோட்டலில் எவை என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். காத்திருக்கும்போது கொறிக்க வைக்கும் முழு வேர்க்கடலை, பில் கொடுக்கும்போது நீட்டும் கல்கண்டும் மிட்டாயும், முழுத் திராட்சை, வட்டமாக நறுக்கிய கேரட். திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் பயமில்லை. வேர்க்கடலை வேண்டவே வேண்டாம். பில் தட்டோடு வரும் சோம்பு கல்கண்டைப் பிள்ளையின் கையில் அன்போடு வைக்கும் சர்வர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: நாலு வயதுக்குக் கீழே இருந்தால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கையில் போனைக் கொடுத்து ஊட்டுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. கண் திரையில் இருக்கும் பிள்ளை மெல்லாமல் விழுங்கும். காலி டபராவும் ஒரு ஸ்பூனும் கொடுத்தால் பத்து நிமிடம் ஓடிவிடும்.

சூடுபட்டால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஹோட்டலில் கை கழுவும் இடம் பக்கத்திலேயே இருப்பதால் இதற்குச் சாக்கே இல்லை. 60 டிகிரி சூடுள்ள தண்ணீர் பெரியவர் தோலையே ஐந்து நொடியில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைத் தோல் மெல்லியது, அதற்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். டபராவில் ஆற்றாத காபியும் வாளியிலிருந்து ஊற்றிய சாம்பாரும் அதைவிடச் சூடு. தண்ணீர் ஊற்றும்போதே நனைந்த சட்டையைக் கழற்ற வேண்டும், ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது. வீக்கம் வருவதற்குள் வளையலையும் அரைஞாண் கயிற்றையும் எடுத்துவிட வேண்டும். ஹோட்டலில் சட்டென்று தோசை மாவை அள்ளி அப்புகிறார்கள். பற்பசை, இங்க், ஐஸ் எல்லாம் வருகின்றன. எதுவும் வேண்டாம். மாவு சூட்டை உள்ளேயே அடைத்துவிடும், கிருமியையும் கொண்டுவரும், பிறகு மருத்துவர் அதைக் கழுவி எடுக்கும்போது குழந்தை இரண்டாம் முறை துடிக்கும். சுத்தமான துணியைத் தளர்வாக மூடி, வண்ணாரப்பேட்டைப் பக்கத்தில் இருந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

வாழை இலை போட்ட மேஜையில் ஒரு கவனம் வேண்டும். குழந்தை இலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் சோறு, ரசம் எல்லாம் அதன் மடியில் வந்து விழும். ரசம் கேட்கும்போது இலையில் ஊற்றாமல் கிண்ணத்தில் வாங்கி, மேஜையின் அந்தக் கோடியில் வையுங்கள்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. மதியம் என்றால் 12 மணிக்கு உட்கார்ந்துவிட வேண்டும், ஒரு மணிக்குமேல் ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நிற்கவே இடமிருக்காது. மாலை ஆறரைக்குள் போனால் கல்லும் காலி, சர்வருக்கும் நிதானம். பௌர்ணமியில் திருவொற்றியூரிலும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எம்.சி. ரோட்டிலும் முதலில் சாப்பாடு, பிறகுதான் கோயிலோ துணிக்கடையோ என்று வைத்துக்கொள்ளுங்கள். துணிக்கடையில் மூன்று மணி நேரம் அலைந்த பிள்ளையால் வரிசையில் நின்று இடம் பிடிக்க முடியாது. டாஸ்மாக் கடைகள் பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கின்றன. அவற்றை ஒட்டிய பாஸ்ட்புட் கடைகளில் இரவு எட்டுக்குமேல் குழந்தையோடு உட்கார்வது சரிப்படாது. அந்தக் கடையின் சாப்பாடு பிடித்திருந்தால் பார்சல் வாங்கிக்கொண்டு போய்விடலாம். பார் வைத்திருக்கும் ஹோட்டல்களில் குடும்ப ஹாலுக்குத் தனி வழி இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

இனி முதலாளிகளுக்கு. ஒற்றை இட்லி விற்க முடியாது, ஒரு செட்தான் என்று சொல்வதை நிறுத்துங்கள். 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு ஒரு இட்லியைத் தனியாகத் தருகிறார்கள், பெரிய ஹோட்டலால் முடியாதா? மிளகாயும் மிளகும் சேராத ஒரு பருப்புச் சோறும், உள்ளங்கையளவு குட்டி தோசையும் மெனுவில் இருந்தால் குடும்பம் மறுபடி உங்களிடமே வரும். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்ற பலகையின் கீழே, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி எழுதுங்கள். மேஜை துடைக்கும் ஈரத்துணி ஒன்றே எல்லா மேஜைக்கும் போகிறது. பெரியவர் மேஜையைத் தொடாமல் சாப்பிட்டுவிடுவார், குழந்தை அந்த மேஜையிலிருந்துதான் பருக்கை பருக்கையாகப் பொறுக்கித் தின்னும். குழந்தை இருக்கும் மேஜைக்கும் குழந்தை நாற்காலியின் பலகைக்கும் சோப்புத் தண்ணீரில் அலசிய தனித்துணி வேண்டும். பெல்ட் அறுந்த நாற்காலியை அன்றைக்கே ஹாலிலிருந்து எடுத்துவிடுங்கள். கை கழுவும் இடத்தில் ஓரடி உயரத்துக்கு ஒரு படிக்கட்டை வையுங்கள். சாம்பார் வாளிக்கு மூடி போடுங்கள், அல்லது குழந்தை இருக்கும் மேஜைக்குக் கிண்ணத்தில் மட்டுமே பரிமாறும்படி சர்வர்களுக்குச் சொல்லிவையுங்கள். இதில் எதற்கும் பெரிய செலவில்லை.

டயப்பர் மாற்ற இடமில்லாததால் சாப்பிடும் சோபாவிலேயே மாற்றுகிறார்கள். இதில் பெற்றோர் மேல் தப்பு சொல்லிப் பயனில்லை. பெண்கள் கழிவறையில் சுவரோடு ஒரு மடக்குப் பலகையும் மூடியுள்ள குப்பைக்கூடையும் வைத்தால் தீர்ந்துவிடும். பயன்படுத்திய டயப்பரை நன்றாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன, எனவே கூடை பக்கத்தில் பழைய தினசரித் தாளும் இருக்கட்டும். தாய்ப்பால் கொடுக்க 2015-இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தனி அறைகளைத் திறந்தது. ஹோட்டலில் அறை வேண்டாம், பேமிலி ஹாலின் மூலை மேஜைக்கு ஒரு திரை போதும்.

உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு கோரிக்கை. உரிமம் பெற்ற கடைகள் 14 இலக்க எண்ணை வாசலில் மாட்டியிருக்கின்றன. புகார் சொல்ல 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணும் இருக்கிறது. ஆனால் அந்தப் புகார் எண்ணைக் கல்லாவுக்குப் பின்னால், நாட்காட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கிறார்கள். சாப்பிடுகிறவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். வடசென்னையில் ஆய்வுக்குப் போகும் அலுவலர்கள் சமையற்கட்டோடு திரும்பிவிடாமல், ஹாலில் இருக்கும் குழந்தை நாற்காலியின் பெல்ட்டையும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உணவகப் பணியில் உள்ள வாசகர்கள்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 600 021.